சிதறிச் செல்க!

நள்ளிரவிலும் ஞாயிறு மறையாத கடல் ஒன்று உண்டு. நார்வே நாட்டின் வடமுனைக்கும் துருவப் பனித்திரளுக்கும் இடையே கிடக்கும் பாரன்ட்ஸ் கடல் அது. கோடையிலே அங்கு இரவே இல்லை. ஒளிந்துகொள்ள ஓர் இருட்டு மூலை கிடையாது. குளிர்காலத்திலோ பகலே இல்லை. ஆனால் அப்போது பனித்திரள் தெற்கே நகர்ந்து வந்து, கப்பல் செல்லும் வழியைப் பகைவனுடைய விமானத் தளங்களின் பக்கமாக நெருக்கித் தள்ளும். தளத்தின்மீது தெறிக்கும் அலைநீர் விழுந்த இடத்திலேயே உறையும். உறைந்த பனியின் பாரத்தால் கப்பல் கவிழாதிருக்க, மாலுமிகள் கோடரி கொண்டு அதை வெட்டி எறிந்தபடி இருக்கவேண்டும். அந்த நீரில் விழுந்தவனுக்கு நீச்சல் தெரிந்தும் பயனில்லை. தோட்டா தேவையில்லை, குளிரே அவனைக் கொன்றுவிடும்.

இந்தக் கடல்வழியே, 1941 ஆகஸ்டு முதல் 1945 மே வரை, 78 கப்பல் அணிகள் சோவியத் துறைமுகங்களுக்கும் அங்கிருந்தும் சென்று மீண்டன. வணிகக் கப்பல்கள் ஏறத்தாழ 1,400. ஏற்றிச் சென்றவை டாங்கிகள், விமானங்கள், வண்டிகள், வெடிமருந்து, உணவு. இட்லரின் படை 1941 ஜூன் 22 அன்று சோவியத் நாட்டிற்குள் புகுந்ததும், வாழ்நாளெல்லாம் பொதுவுடைமையைத் தூற்றிவந்த சர்ச்சிலே அந்த நாட்டிற்குக் கை கொடுக்க முன்வந்தார். அன்பினால் அன்று, தேவையினால்! அதுபற்றி நமக்குக் குறையில்லை. பாசிசத்தின் கழுத்தை நெரிக்க எந்தக் கை உதவினாலும் அது உதவியே.

ஆனால், வீரக்கதை பாடுவதற்காக நாம் இங்கு பேனாவை எடுக்கவில்லை. வீரத்தைப் புகழ ஆயிரம் பேர் உளர். அந்தப் பனிக்கடலிலே ஓர் இரவு, இருபத்தைந்து நிமிடங்களுக்குள், மூன்று தந்திகளின் வழியே எழுந்த ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறோம். மேலிடம் ஆணையிடுகிறது; கீழே உள்ளவன் கீழ்ப்படிகிறான்; அந்த ஆணை தவறாக இருந்தால், குற்றம் யாருடையது? கீழ்ப்படியும் நேரத்தில் அவன் தன் அறிவை எங்கே வைத்துவிட்டுப் போகவேண்டும்?

பி.க்யூ. 17 என்று பெயரிடப்பட்ட அணி 1942 ஜூன் 27 அன்று ஐஸ்லாந்திலிருந்து புறப்பட்டது. 35 வணிகக் கப்பல்கள். இரண்டு கப்பல்கள் தொடக்கத்திலேயே பழுதுபட்டு நின்றுவிட, 33 சென்றன. எண்ணெய்க் கப்பலும், மூழ்குவோரை மீட்கும் சிறு கப்பல்களும் உடன் சென்றன. அருகிலிருந்து காக்க ஜாக் புரூம் என்ற தளபதியின்கீழ் நாசகாரிக் கப்பல்களும் சிறு காவற்கலங்களும். சற்றுத் தொலைவில் ஹாமில்டன் என்ற தளபதியின்கீழ் நான்கு குரூசர் கப்பல்கள். அதற்கும் அப்பால் டோவி என்பாரின் பெரும் கடற்படை.

'அணி' என்ற சொல்லை இங்கே நன்கு மனத்தில் கொள்ளவேண்டும். சரக்குக் கப்பல் தனியே சென்றால் அது ஓர் இரை. விரைவு கிடையாது, மிதிவண்டியில் செல்வோன் அதை முந்திவிடுவான். பீரங்கியும் பெயரளவுக்குத்தான். அத்தகைய கப்பல்கள் வரிசை கட்டி, நெருங்கி, ஒன்றின் துப்பாக்கி மற்றொன்றைக் காக்குமாறு சென்றால், பகைவன் நெருங்கத் தயங்குவான். எளியோரின் கோட்டை அது. கற்சுவர் இல்லாத கோட்டை, கலைந்தால் அக்கணமே இல்லாது போகும் கோட்டை!

ஜூலை 4. அன்று அதிகாலையில் ஒரு கப்பல் தாக்குண்டது. மாலையில் ஜெர்மானிய விமானங்கள் கூட்டமாக வந்து டார்ப்பிடோக்களை வீசின. மேலும் இரண்டு கப்பல்கள் போயின. அசர்பைஜான் என்ற சோவியத் எண்ணெய்க் கப்பலும் அடிபட்டுத் தீப்பற்றியது. மூழ்கிற்று என்று எல்லோரும் எண்ணியிருக்க, தீயை அணைத்துவிட்டு அது மீண்டும் வரிசைக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கப்பலின் பணியாளர்களில் பெண்களும் இருந்தனர். பெண்ணுக்கு அடுப்பங்கரைதான் இடம் என்போர் இதையும் கேட்டு வைக்கட்டும். அத்தனை தாக்குதலுக்குப் பிறகும் அணி குலையவில்லை. தாக்கியவர்களும் விமானங்களை இழந்தனர். இப்படியே போனால் கரை சேரலாம் என்ற நம்பிக்கை புரூமுக்கு இருந்தது.

அப்போது லண்டனிலிருந்து, கடற்படைத் தலைமையகத்திலிருந்து, வானொலி வழியே வந்தது முதல் தந்தி. இரவு மணி 9.11. குரூசர் கப்பல்கள் மேற்கு நோக்கி மிகு விரைவில் விலகவேண்டும் என்றது அது. 9.23க்கு இரண்டாவது: பகைவரின் போர்க்கப்பல்களால் ஆபத்து இருப்பதால் அணி பிரிந்து, தனித்தனியே ருசியத் துறைமுகங்களுக்குச் செல்லவேண்டும். 9.36க்கு மூன்றாவது: அணி சிதறிச் செல்க!

இந்த மூன்றையும் கடலிலிருந்து படித்தவர்கள் எப்படிப் படித்தார்கள்? "விரைவில் விலகுக" என்றால், டிர்பிட்ஸ் துரத்தி வருகிறது! ஜெர்மனியின் மிகப் பெரிய போர்க்கப்பல் டிர்பிட்ஸ். அதன் பெயரே நடுக்கம் தந்த காலம். "பிரிந்து செல்க" என்றால், நெருங்கிவிட்டது! "சிதறுக" என்றால், அடுத்த நிமிடம் அடிவானத்தில் அதன் பாய்மரக் கம்பம் தெரியப்போகிறது! புரூம் தம் ஆறு நாசகாரிகளையும் அழைத்துக்கொண்டு குரூசர்களோடு போய்ச் சேர்ந்தார். ஓடுவதற்காக அல்ல. பெருங்கப்பலை எதிர்த்துச் சாவதற்கே போகிறோம் என்று எண்ணியே சென்றார்.

டிர்பிட்ஸ் வரவில்லை. அது அப்போது கடலிலேயே இல்லை. நார்வேயின் ஆல்டா என்ற கடற்கழியிலே நங்கூரமிட்டு நின்றது.

தந்திகளின் உண்மைப் பொருள் என்ன? குரூசர்களை விரைந்து விலகச் சொன்னதற்குக் காரணம், அவற்றின் வழியில் நீர்மூழ்கிகள் நடமாடியது. மூன்றாவது தந்தி, இரண்டாவதிலிருந்த ஒரு சொல்லைத் திருத்துவதற்காக விடுக்கப்பட்டது. 'பிரிதல்' என்றால் ஒரே திசையில் கூட்டமாகவே போய்க்கொண்டிருப்பர். 'சிதறுதல்' என்றால்தான் விண்மீனின் கதிர்களைப்போல் நாற்புறமும் அகல்வர். அந்தச் சொல்வேறுபாட்டைச் சரிசெய்யும் திருத்தம், மிக அவசரம் என்ற முத்திரையோடு வந்து சேர்ந்தது. திருத்தத்தை அவர்கள் அலறலாகக் கேட்டார்கள்!

ஏன் அப்படிக் கேட்டார்கள்? அறிவில்லாதவர்களா? இல்லை. கடலிலே முடி நரைத்தவர்கள். அவர்களைத் தவறச் செய்தது ஒரு நம்பிக்கை. நம் வீட்டுத் திண்ணைகளிலும் நாள்தோறும் கேட்கும் நம்பிக்கைதான் அது: "பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்றால், ஏதோ தெரிந்துதான் சொல்லியிருப்பார்கள்!"

மேலிடத்துக்கு என்னதான் தெரிந்திருந்தது? தலைமையகத்தின் முதல் தளபதி சர் டட்லி பவுண்ட். பகைவரின் போர்க்கப்பல்கள் எங்கே என்று கண்காணிக்கும் பொறுப்பு நார்மன் டென்னிங் என்ற அதிகாரியிடம் இருந்தது. ஜெர்மானியரின் மறைமொழிச் செய்திகளைப் பிளெட்ச்லி பார்க்கிலிருந்த அறிஞர்கள் உடைத்துப் படித்துவந்தனர். ஆனால் அவை பல மணி நேரம் தாழ்ந்தே கைக்குக் கிட்டின. டென்னிங் எண்ணிப் பார்த்தார். டிர்பிட்ஸ் புறப்பட்டிருந்தால், தன் கப்பலையே தாக்கிவிடவேண்டாம் என்று நீர்மூழ்கிகளுக்கு எச்சரிக்கை போயிருக்கும், போகவில்லை. வானொலியில் பரபரப்புக் கூடியிருக்கும், கூடவில்லை. நார்வேயிலிருந்து மறைவாகச் செய்தி அனுப்புவோர் சொல்லியிருப்பர், சொல்லவில்லை. ஆகவே கப்பல் இன்னும் கழியிலேதான் இருக்கிறது என்பது அவர் முடிவு.

பவுண்ட் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: டிர்பிட்ஸ் இன்னும் அங்கேயே நிற்கிறது என்று உறுதி கூற முடியுமா? முடியாது என்றார் டென்னிங். புறப்பட்டால் எனக்குத் தெரியவரும்; புறப்படவில்லை என்பதற்கு நேர்ச்சான்று எப்படித் தருவேன்? அது போதவில்லை தளபதிக்கு.

தோழர்களே, இந்தக் கேள்வியை நாம் எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறோம்! பேய் இல்லையென்று மெய்ப்பிக்க முடியுமா? கடவுள் இல்லையென்று காட்ட முடியுமா? முடியாதல்லவா, ஆகவே படையல் போடு, ஆகவே காணிக்கை கொடு! உண்டு என்பவன் சான்று காட்டவேண்டும் என்ற எளிய நெறியைத் தலைகீழாக்கி, இல்லை என்பவன் தலைமேல் சுமையை ஏற்றும் வேலை. புளியமரத்துப் பேய்க்குப் பயந்து ஊரைச் சுற்றி நடப்பவனுக்குக் கால்வலியோடு போகும். பவுண்டுக்குத் தோன்றிய பேய்க்கு இட்ட காணிக்கையோ முப்பதுக்கு மேற்பட்ட கப்பல்களின் பாதுகாப்பு.

ஜூலை 5. சிதறிய கப்பல்களை விமானங்களும் நீர்மூழ்கிகளும் ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்தன. அந்த ஒரே நாளில் பன்னிரண்டுக்குக் குறையாத கப்பல்கள் மூழ்கின. வேட்டை மேலும் சில நாட்கள் நடந்தது. கணக்கு முடிந்தபோது 22 சரக்குக் கப்பல்கள் இல்லை. எண்ணெய்க் கப்பல் ஒன்றும் மீட்புக் கப்பல் ஒன்றும் இல்லை. 11 சரக்குக் கப்பல்களே கரை சேர்ந்தன. கடலுக்கடியில் போனவை 430 டாங்கிகள், 210 விமானங்கள், 3,350 வண்டிகள், ஏறத்தாழ ஒரு லட்சம் டன் பிற சரக்கு. இறந்த வணிக மாலுமிகள் 153 பேர். அணி ஒன்றாக இருந்தபோது போனவை மூன்று. சிதறியபின் போனவை மற்றவை அனைத்தும்!

டிர்பிட்ஸ் என்னவாயிற்று? மறுநாள் பிற்பகல்தான் அது கழியைவிட்டு வெளியே வந்தது. ஆங்கிலேயரின் விமானந்தாங்கிக் கப்பல் எங்கேயோ இருக்கிறது என்ற அச்சம் அவர்களுக்கு! பெருங்கப்பலை இழக்க இட்லர் ஒப்பவில்லை. அன்றிரவே திரும்பிவிட்டது. பேய்க்கும் ஒரு பேய் பயம்! 1944 நவம்பர் 12 அன்று விமானக் குண்டுகளுக்கு இரையாகிக் கவிழும்வரை, தன் பீரங்கியால் எதிரியின் கப்பல் ஒன்றைக்கூட அது மூழ்கடித்ததில்லை.

இத்தகைய சாவுகளைக் கேட்டதும், "எல்லாம் விதி" என்று பெருமூச்சு விடுவோர் எல்லா நாட்டிலும் உண்டு. விதிக்கு ஆசிரியர் பெயர் கிடையாது, நாள் கிடையாது, நேரம் கிடையாது. அதனால்தான் அதன்மீது பழியைப் போடுவது எளிது. இந்த 153 பேரின் தலையெழுத்துக்கோ எழுதியவர் பெயர் உண்டு. மணி உண்டு, நிமிடமும் உண்டு. எழுதிய தாளும் உண்டு.

அதற்காகப் பவுண்டைக் கொடியவர் என்று தீர்ப்பெழுதிவிட நாம் ஒருப்படவில்லை. அது எளிய வேலை; எளிய வேலை பெரும்பாலும் தவறான வேலை. அவர் தரப்பில் சொல்லத்தக்கவை உண்டு. டிர்பிட்ஸ் உண்மையிலேயே வந்திருந்தால், நெருங்கி நின்ற அணியைச் சில மணி நேரத்தில் அழித்திருக்கும்; சிதறச் சொல்லவில்லையே என்று அதே உலகம் அவரைத் தூற்றியிருக்கும். அத்துடன், தம் ஐயத்தின் காரணத்தை அவர் விரித்துரைக்கவும் இயலாது. மறைமொழி உடைக்கப்படுகிறது என்ற செய்தி வெளிப்பட்டால், போரின் மிகப் பெரிய கருவி கைநழுவும். இது சாக்கு அன்று, உண்மையான இக்கட்டு. அவர் அடுத்த ஆண்டே, 1943 அக்டோபரில், மூளைக்கட்டி நோயால் இறந்தார்.

ஆனால் ஒன்று செய்திருக்கலாம். எப்படி அறிந்தோம் என்பதை மறைத்தாலும், எவ்வளவு அறிந்தோம் என்பதைச் சொல்லியிருக்கலாம். "எமக்கு உறுதியில்லை, ஐயமே" என்று ஒரு வரி! அந்த ஒரு வரி இருந்திருந்தால், களத்தில் நிற்பவன் தன் கண்ணால் கண்டதையும் சேர்த்து நிறுத்துப் பார்த்திருப்பான். அந்த வரி இல்லாததால், ஓர் ஐயம் ஆயிரக்கணக்கான மைல் கடந்து வருகையில் உறுதியாக மாறிவிட்டது. வேத வாக்கும் இப்படித்தான் பிறக்கிறது. முதலில் சொன்னவனுக்கு ஐயம் இருந்திருக்கலாம். ஐயம் ஏட்டில் ஏறுவதில்லை, ஆணைதான் ஏறுகிறது. புறப்படுமுன்பே, இத்தகைய ஆணை பச்சைக் கொலையாக முடியும் என்று டோவி தொலைபேசியில் எதிர்த்தார். அவர் அறிவுரை கேட்கப்பட்டது, ஏற்கப்படவில்லை.

புரூமின் பக்கம் வருவோம். அவர் குற்றவாளியா? நூரம்பர்க் நகரில் 1945, 1946ஆம் ஆண்டுகளில் நாஜித் தலைவர்களை விசாரித்த மன்றம், ஆணைப்படி செய்தோம் என்ற வாதம் குற்றத்தைத் துடைக்காது என்று உரைத்தது. சரியான நெறி. ஆனால் அது இங்கே பொருந்தாது. குழந்தையைக் கொல் என்ற ஆணையின் கொடுமை அதன் முகத்திலேயே எழுதியிருக்கிறது. மறுப்பதற்கு நெஞ்சுரம் போதும். சிதறிச் செல்க என்ற ஆணையோ நல்லெண்ணத்தில் பிறந்தது. கப்பல்களைக் காப்பாற்றவே அனுப்பப்பட்டது. அதன் தவற்றைக் காண நெஞ்சுரம் போதாது, செய்தி வேண்டும். அந்தச் செய்தி அவரிடம் இல்லை. 1968இல் வெளிவந்த ஒரு நூல் அவர்மீது பழி சுமத்தியபோது அவர் வழக்குத் தொடுத்தார். 1970இல் லண்டன் மன்றம் அவருக்கு 40,000 பவுன் ஈட்டுத்தொகை தீர்த்தது; 1972இல் பிரபுக்கள் சபையும் அதை உறுதி செய்தது. புரூமைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பை நாமும் ஏற்கிறோம்.

இதிலே நமக்கு அக்கறை மிகுதி. ஏனெனில் நாமும் கட்டுப்பாட்டைப் போற்றுவோர். கட்டுப்பாடில்லாத இயக்கம் சிதறிய கப்பல்கூட்டம்தான். அதன் முடிவை மேலே கண்டோம். ஆயினும், சாத்திரம் சொன்னால் ஏன் என்று கேள் என ஊருக்கு உரைத்துவிட்டு, தலைமைக் கழகத்திலிருந்து வரும் அறிக்கையை மட்டும் ஏன் என்று கேளாமல் தலையில் சூடிக்கொள்வோமானால், நாம் மாற்றியது ஏட்டின் பெயரை மட்டும்தான். கேட்டால் கட்டுப்பாடு குலையும் என்பார்கள். களத்திலுள்ளவன் கேட்பது ஒன்று, களத்தைவிட்டு ஓடுவது வேறொன்று. இரண்டையும் ஒன்றெனக் காட்டுவது எந்தத் தலைமைக்கும் வசதியானது. எந்த அணிக்கும் ஆபத்தானது.

கொடுத்தவர்களின் கணக்கையும் இடையிலே ஒரு சொல் சொல்லிவிடுகிறோம். வணிக மாலுமி படைவீரன் அல்லன், கூலிக்கு வேலை செய்யும் தொழிலாளி. 1941 மே வரை, பிரிட்டனின் வணிகக் கப்பல் மூழ்கிய அன்றே அதன் மாலுமிகளுடைய ஊதியமும் நின்றுவிடும் வழக்கம் இருந்தது. படகிலே குளிரில் நடுங்கிக் கிடக்கும் நாட்களுக்குக் கூலி இல்லை! துருவக் கடலில் சென்றோருக்கெனத் தனிப் பதக்கம் ஒன்றை அந்நாட்டு அரசு வழங்கியது 2013ஆம் ஆண்டில். எழுபது ஆண்டு கழித்து! அதை வாங்க எத்தனை கைகள் எஞ்சியிருந்திருக்கும்?

ஆணை கைக்கு வந்தபின் அறிவுக்கு வேலையே இல்லையா? உண்டு என்று காட்டியவர் ஒருவர் அந்த அணியிலேயே இருந்தார். லியோ கிராட்வெல், போருக்குமுன் வழக்கறிஞர், போர்க்காலத்தில் கடற்படைக்கு வந்தவர். அவர் கையில் இருந்தது ஏர்ஷயர் என்ற சிறு கலம். மீன்பிடிக் கப்பலைக் காவற்கலமாக மாற்றியிருந்தார்கள், அவ்வளவே. சிதறும் ஆணைக்கு அவரும் கீழ்ப்படிந்தார். ஆனால், எல்லோரும் ஓடும் வழியிலேதான் வேட்டைக்காரன் காத்திருப்பான் என்று எண்ணினார். அயர்ன்கிளாட், சில்வர் சுவார்ட், ட்ரூபடூர் என்ற மூன்று கப்பல்களைத் தம்மோடு சேர்த்துக்கொண்டு, யாரும் போகத் துணியாத பனித்திரளுக்குள் வடக்கே புகுந்தார். அவரிடம் இருந்தவை கோணமானியும், கடைகளில் விற்கும் சிறு நிலப்பட நூலும்.

பனிக்குள் சென்று நின்றதும், ட்ரூபடூர் கப்பலில் வெள்ளைச் சாயம் இருப்பது தெரியவந்தது. கப்பல்களுக்கு வெள்ளை பூசினார்கள். பூச முடியாத இடங்களில் படுக்கை விரிப்புகளையும் மேசைத் துணிகளையும் விரித்தார்கள். தளத்தில் கட்டியிருந்த டாங்கிகளின் பீரங்கிகளில் குண்டேற்றி, அவற்றையே காவலாக்கினார்கள். வானிலே தேடித் திரிந்த விமானங்களின் கண்ணுக்குப் பனிதான் தெரிந்தது; கப்பல் தெரியவில்லை. உயிர் தப்பியவர்களில் சிலர் ஆண்டவன் அருள் என்று சொல்லியிருப்பர். சொல்லட்டும், அன்று அந்த அருள் சாய டப்பாவில் வந்தது, தூரிகையால் பூசப்பட்டது.

வேட்டை சற்று ஓய்ந்ததும் அவர்கள் பனியைவிட்டு வெளியேறி, நோவயா செம்லியா தீவின் கரையோரமாக ஒதுங்கி, பின்னர் ஆர்க்கேஞ்சல் துறைமுகம் போய்ச் சேர்ந்தார்கள். கரை கண்ட பதினொரு சரக்குக் கப்பல்களில் மூன்று அவர் அழைத்துச் சென்றவை. கிராட்வெல்லுக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். போர் முடிந்ததும் அவர் சட்டத் தொழிலுக்கே திரும்பி, பின்னாளில் லண்டன் நகரில் நீதிபதியாக அமர்ந்து, இரு தரப்புச் சான்றுகளையும் கேட்டு வழக்குகளைத் தீர்த்துவந்தார்.